ஈயமில்லாத தோட்டா என்றால் மூச்சுக்குக் கவலை இல்லையா? சுடுதளப் புகையை அளப்பது பற்றி

ஹூஸ்டன்_கதிர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸில் இருக்கிறேன். வார இறுதிகளில் உள்ளரங்கச் சுடுதளத்துக்குப் போகும் பழக்கம் உண்டு. பெரும்பாலும் 9 மி.மீ. கைத்துப்பாக்கி, எப்போதாவது ஏஆர்-15 ரைஃபிள். நான் போகும் இடத்தில் சில தடங்களை ஈயமில்லாத தோட்டாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். நல்ல விஷயம் என்றுதான் நானும் அந்தப் பக்கம் மாறினேன்.

ஆனால் பக்கத்துத் தடத்தில் யாராவது ஒலியடக்கி மாட்டிய ஏஆர்-15 சுட்டால் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, அம்மோனியா வாடை தெளிவாக வருகிறது. சட்டைப் பையில் வைக்கும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. பூஜ்யத்தில் இருப்பது திடீரென 60 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 60 பங்கு) தாண்டும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ஊழியரிடம் கேட்டால், "ஈயமே இல்லையே, அப்புறம் என்ன?" என்கிறார்.

இந்த 60ஐ நான் எப்படி எடுத்துக்கொள்வது? துப்பாக்கியிலிருந்து வரும் வாயுவையும் துகளையும் இந்தத் துறையில் இருப்பவர்கள் எப்படி அளக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வடதுருவன் எழுதியது:

கதிர் தம்பி, நான் ஒஸ்லோவில தொழிற்சுகாதார அளவீட்டு வேலை செய்யிறன். நீங்கள் கேட்ட கேள்விக்கு நோர்வேயிலயே ஒரு வரலாறு இருக்கு.

நோர்வே இராணுவம் 2007இல எச்கே416 துப்பாக்கியைத் தெரிவு செய்தது. சுடுதள மண்ணில ஈயம் சேருறதைத் தவிர்க்க வேணும் எண்டு அதுக்கு 5.56 மி.மீ. ஈயமில்லாத தோட்டாவைக் குடுத்தினம். சூழலுக்கு நல்ல முடிவு. ஆனா சுட்ட ஆக்கள் முறையிடத் தொடங்கிச்சினம்: குளிர், காய்ச்சல், இருமல், தலையிடி, உடம்பு உளைவு. வெல்டிங் செய்யிறவைக்கு இது நல்லாத் தெரிஞ்ச வருத்தம், உலோகப் புகைக் காய்ச்சல். செப்பும் நாகமும் (துத்தநாகம்) ஆவியாகி, மிக நுண்ணிய துகளா உறைஞ்சு, நுரையீரலின்ர அடி வரை போனால் வரும். சில மணித்தியாலம் கழிச்சுத் தொடங்கி, ஒண்டு ரெண்டு நாளில தானாப் போயிடும். அதனாலதான் கன பேர் இதைச் சாதாரணக் காய்ச்சல் எண்டு விட்டிடுவினம்.

நோர்வேயின்ர பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், எஃப்எஃப்ஐ, இதை ஆராய்ஞ்சது. சுகதேகியான தொண்டர்களைப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு ஈயத் தோட்டா, ஒரு குழுவுக்கு ஈயமில்லாதது, இன்னொண்டுக்கு மாற்றியமைச்ச ஈயமில்லாதது. காத்து அவ்வளவாப் போகாத கூடாரத்துக்குள்ள சுட வைச்சு, முன்னும் பின்னும் நுரையீரலைச் சோதிச்சினம். கட்டுரைகள் 2014இல இருந்து வெளிவந்தது. ஈயம் இருந்ததோ இல்லையோ, அடுத்த நாள் மூச்சுச் சோதனையில எல்லாக் குழுவிலயும் இறக்கம் தெரிஞ்சது. உங்கட ஊழியருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். ஈயத்தை எடுத்ததால ஒரு நஞ்சு குறைஞ்சது. புகை அப்பிடியே இருக்கு.

இன்னொரு விஷயம். "ஈயமில்லாதது" எண்டு பெட்டியில போட்டிருந்தா குண்டில மட்டும் இல்லையா, ப்ரைமரிலயும் (தோட்டாவின்ர அடியில வெடிமருந்தைப் பத்த வைக்கிற பகுதி) இல்லையா எண்டு பாருங்கோ. வழமையான ப்ரைமரில லெட் ஸ்டிஃப்னேட் எண்ட ஈயச் சேர்மம், பேரியம் நைத்திரேட்டு, அந்திமனி சல்பைட்டு மூண்டும் இருக்கும். குண்டு முழுக்கச் செம்பா இருந்தாலும், ப்ரைமர் அந்தப் பழைய வகை எண்டால் ஒவ்வொரு வெடிக்கும் ஈயப் புகை உங்கட முகத்துக்குக் கிட்டத்தான் கிளம்பும்.

---

செம்பருத்தி எழுதியது:

வடதுருவன் அண்ணா சொன்னதோடு அளவீட்டுப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். காற்றுத்துகள் என் துறை. துப்பாக்கி என் துறை இல்லை. ஆனால் புகை எங்கிருந்து வந்தாலும் புகைதான்.

கதிர், நீங்கள் கேட்டதில் இரண்டு வேறு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒரு தோட்டா எவ்வளவு கக்குகிறது என்பது ஒன்று. அதில் எவ்வளவு உங்கள் மூக்குக்குள் போகிறது என்பது இன்னொன்று. முதலாவதை அளக்க மூடிய அறை வேண்டும். இரண்டாவதை உங்கள் சட்டைக் காலரில்தான் அளக்க முடியும். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பதால்தான் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் வருகிறது.

மூடிய அறை முறையை ஸ்வீடன் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் (எஃப்ஓஐ) ஈயமில்லாத சிறுரகத் தோட்டாவுக்குச் செய்து 2014இல் வெளியிட்டது. காற்றுப் புகாத அறைக்குள் சுட்டு, உள்ளே சேர்ந்ததை அளந்து, சுட்ட தோட்டா எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். கிடைப்பது 'ஒரு தோட்டாவுக்கு இத்தனை மில்லிகிராம்' என்ற எண். இதை உமிழ்வுக் காரணி என்கிறோம். இரண்டு வகைத் தோட்டாவை நேர்மையாக ஒப்பிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் காற்றோட்டம், சுடுபவரின் உயரம், பக்கத்துத் தடம் எதுவும் இதில் குறுக்கே வராது.

வாயுக்களில் முக்கியமானவை கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள். புகையற்ற வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ், பல வகைகளில் நைட்ரோகிளிசரினும் சேர்ந்திருக்கும். அது தன்னுள் இருக்கும் ஆக்சிஜனைக் கொண்டே எரிகிறது, அந்த ஆக்சிஜன் முழு எரிதலுக்குப் போதாது. அதனால்தான் குழலுக்குள் கார்பன் டை ஆக்சைடைவிடக் கார்பன் மோனாக்சைடு அதிகம் உருவாகிறது, கூடவே ஹைட்ரஜனும். இந்த ஹைட்ரஜனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மீட்டருக்கு அது முக்கியம்.

துகள்தான் கடினமான பகுதி. சுட்ட கணத்தில் உலோக ஆவி குளிர்ந்து 100 நானோமீட்டருக்கும் குறைவான துகள்கள் கோடிக்கணக்கில் பிறக்கின்றன. பிறந்ததுமே ஒன்றோடொன்று மோதி ஒட்டத் தொடங்குகின்றன. ஒரு கன சென்டிமீட்டரில் பத்து கோடித் துகள் இருந்தால் சுமார் 20 நொடியில் எண்ணிக்கை பாதியாகிவிடும். அதே பத்து லட்சம்தான் இருந்தால் பாதியாக அரை மணி நேரம் ஆகும். ஆக, சுட்டு எத்தனை நொடி கழித்து அளந்தீர்கள் என்பதைச் சொல்லாத துகள் எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. அறிக்கைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

கருவித் தேர்வும் இதே காரணத்தால் சிக்கலாகிறது. நானோ துகள்களின் அளவைப் பிரித்துச் சொல்வதில் எஸ்எம்பிஎஸ் பேர்பெற்ற கருவி. ஆனால் ஒரு முழுச் சுற்று முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் புகையின் தன்மையே மாறியிருக்கும். நொடிக்கு நொடி சொல்லும் ஈஎல்பிஐ போன்ற கருவிதான் சுடுதளத்துக்குப் பொருந்தும். துகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, அளவு வாரியாகத் தட்டுகளில் மோதவிட்டு, ஒவ்வொரு தட்டிலும் வரும் மின்னோட்டத்தைப் படிக்கும் கருவி அது. கையடக்க ஒளிச்சிதறல் மீட்டர்களை இங்கே நம்பாதீர்கள். சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே இருப்பவை அவற்றின் கண்ணுக்கே தெரியாது, உலோகக் காய்ச்சல் தரும் துகள்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற_சிப்பாய் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பட்டாளத்துல இருந்து ஓய்வு பெற்றவன். செம்பருத்தியம்மா, நீங்க சொல்றது புரியுது. ஆனா ஒண்ணு கேக்கணும். நாங்க வருஷக் கணக்குல ரேஞ்சுல சுட்டிருக்கோம், மத்தவங்களுக்குச் சொல்லியும் குடுத்திருக்கோம். எல்லாம் திறந்த வெளி. இந்த மாதிரி காய்ச்சல் எவனுக்கும் வந்ததா நான் பாக்கல. மூடின அறைக்குள்ள, கூடாரத்துக்குள்ள சுட்டு அளந்துட்டு, அதைக் காட்டி சுடுற எல்லாரையும் பயமுறுத்துறது சரியா? வெளியில காத்து அடிச்சிட்டுப் போயிடுமே.

---

வடதுருவன் எழுதியது:

> வெளியில காத்து அடிச்சிட்டுப் போயிடுமே

ஐயா, வெளியில பெரும்பாலும் அப்பிடித்தான். அதை மறுக்கேல்லை. கூடாரச் சோதனை வேணுமெண்டே மோசமான நிலையை எடுத்தது, வருத்தத்தை உண்டாக்குறது புகைதானா எண்டு தெளிவாப் பாக்க.

ஆனா வெளி எண்டதும் அளவு பூச்சியம் எண்டு எடுக்கேலாது. காத்து எந்தப் பக்கம் எண்டது முக்கியம். இலக்குப் பக்கம் இருந்து முகத்துக்கு வந்தால், சுட்ட புகை முழுக்கச் சுட்டவருக்கே திரும்பி வரும். காத்தே இல்லாத காலையில, படுத்த நிலையில வரிசையாப் பல பேர் சுட்டால் தரைக்குக் கிட்டப் புகை தங்கும். கட்டிடத்துக்குள்ள சண்டைப் பயிற்சி செய்யிற இடங்கள், கவச வாகனத்துக்குள்ள இருந்து இயந்திரத் துப்பாக்கி சுடுறது, இதெல்லாம் பேரளவில வெளி, உண்மையில உள். வாகனத்துக்குள்ள சுடுறவையின்ர இரத்தத்தில காபன் மொனொக்சைட் எவ்வளவு ஏறும் எண்டு கணிக்கிறதுக்கு இராணுவங்கள் 1965இல கோபர்ன், ஃபோர்ஸ்டர், கேன் மூண்டு பேரும் தந்த சமன்பாட்டைத்தான் பாவிக்கினம்.

இடது கைக்காரரையும் யோசியுங்கோ. பெரும்பாலான துப்பாக்கியில வெற்று உறை வலது பக்கத்தால வெளியேறும். வலது தோளில வைச்சுச் சுடுறவருக்கு அந்த வாயில் முகத்துக்கு அங்கால. இடது தோளில வைக்கிறவருக்கு அது நேரா முகத்துக்கு முன்னால திறக்குது. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே நாள். சுவாசிக்கிற அளவு ரெண்டு பேருக்கும் ஒண்டா இராது. உமிழ்வுக் காரணியில இது ஒருநாளும் தெரிய வராது.

---

ஹூஸ்டன்_கதிர் எழுதியது:

நன்றி அண்ணா, நன்றி செம்பருத்தி. ஹைட்ரஜனை மனதில் வைக்கச் சொன்னீர்களே, அதை விளக்குங்கள். ஒலியடக்கி மாட்டினால் மட்டும் ஏன் இவ்வளவு மோசமாகிறது என்பதையும்.

---

செம்பருத்தி எழுதியது:

இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன, கதிர்.

முதலில் மீட்டர். சட்டைப் பை மீட்டர்களில் இருப்பது மின்வேதி சென்சார். அது கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்து வரும் மின்னோட்டத்தை அளக்கிறது. ஹைட்ரஜன் வந்தாலும் அதே மின்முனையில் ஆக்சிஜனேற்றம் ஆகும், மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. துப்பாக்கிப் புகையில் இரண்டும் சேர்ந்தே வருவதால் உங்கள் 60இல் ஒரு பங்கு ஹைட்ரஜனாக இருக்கலாம். ஹைட்ரஜன் ஈடுசெய்யப்பட்ட சென்சார் என்று தனியாக விற்கிறார்கள். ஆய்வுகளில் எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்புக் கருவியை வைப்பார்கள். ஒவ்வொரு வாயுவும் அகச்சிவப்பில் உறிஞ்சும் அலைநீளம் வேறு என்பதால் அதில் குழப்பம் வராது, அம்மோனியாவும் சயனைடும் அதே கருவியில் தெரிந்துவிடும். சாதாரண மீட்டர்தான் இருக்கிறது என்றால், அது காட்டுவதை உச்ச வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணாகப் பார்த்தால், அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அரசு அமைப்பான ஓஷா வைத்திருக்கும் வரம்பு 8 மணி நேரச் சராசரியாக 50 பிபிஎம். பணியிடச் சுகாதாரத்தை ஆராயும் அரசு நிறுவனமான நையாஷின் பரிந்துரை 35, அதோடு எந்த நேரத்திலும் 200ஐத் தாண்டக் கூடாது. ஒரு நிமிடம் 60 தொட்டு இறங்குவது கார்பன் மோனாக்சைடைப் பொறுத்தவரை ஆபத்து இல்லை. ஆனால் அது ஒரு சாட்சி. முன்னால் போக வேண்டிய புகை உங்கள் சட்டைப் பை வரை வந்திருக்கிறது. வாயு வந்த வழியில் செம்புத் துகளும் வந்திருக்கும். எனக்கு அந்த மீட்டரின் பயன் இதுதான்.

இப்போது ஒலியடக்கி. வழக்கமாகக் குழல் வாயில் ஒரு தீப்பிழம்பு தெரியுமே, அது வெளியே வந்த கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இரண்டாம் முறை எரிவது. அந்த எரிதலில் கார்பன் மோனாக்சைடின் ஒரு பகுதி அழிந்துவிடுகிறது. தீப்பிழம்பு எதிரிக்குத் தெரியக் கூடாது என்று ராணுவ வெடிமருந்தில் பொட்டாசியம் உப்பு சேர்ப்பார்கள். ஒலியடக்கியும் வாயுவைக் குளிரவைத்து, மெதுவாக்கி, பிழம்பை அடக்குகிறது. பிழம்பு அடங்கினால் எரியாத கார்பன் மோனாக்சைடு கூடுகிறது. அதோடு ஒலியடக்கி குழலுக்குள் அழுத்தத்தை நீண்ட நேரம் பிடித்துவைப்பதால், பூட்டு (குழலின் பின்வாயை மூடும் பகுதி) திறக்கும்போது வாயு பின்பக்கமாக வருகிறது. ஏஆர்-15 வகையில் வாயுவே நேராகப் பூட்டுப் பகுதிக்குள் வந்து அதை இயக்குகிறது, ஆகவே இன்னும் அதிகம். உறை வெளியேறும் வாயில், பின்னால் இழுக்கும் கைப்பிடியின் இடுக்கு, இரண்டும் உங்கள் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரம்.

அறைச் சோதனையிலும் இதே பிழம்பு ஒரு சிக்கலைத் தரும். அறை மிகச் சிறியதாக இருந்து, நிறையச் சுட்டால் ஆக்சிஜன் குறைந்து இரண்டாம் எரிதல் பாதிக்கப்படும். அப்போது கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு எண் வெளியில் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கும். அறையின் கொள்ளளவையும் சுட்ட எண்ணிக்கையையும் பார்க்காமல் இரண்டு அறிக்கைகளின் எண்களை ஒப்பிடாதீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நானே எடுத்துக்கொண்டவை, முறையைக் காட்டத்தான். 10 கன மீட்டர் அறையில் 10 தோட்டா சுட்டதும் 100 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு என்று வைப்போம். 25 டிகிரியில் 1 பிபிஎம் என்பது கன மீட்டருக்குச் சுமார் 1.15 மில்லிகிராம். ஆக 115 மி.கி. பெருக்கல் 10, வகுத்தல் 10 தோட்டா, தோட்டாவுக்கு 115 மில்லிகிராம். இதைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோவோம். நையாஷ் சொல்லும் காற்றோட்டம் சுடும் கோட்டில் நொடிக்கு 0.38 மீட்டர், சுடுபவரின் முதுகுப் பக்கத்திலிருந்து இலக்கு நோக்கி. 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரமுள்ள தடத்தில் அது நொடிக்குச் சுமார் 1.1 கன மீட்டர் காற்று. நிமிடத்துக்குப் பத்து தோட்டா சுட்டால், அந்தக் காற்று முழுவதிலும் புகை கலந்த பிறகு சுமார் 15 பிபிஎம்.

ஆனால் அந்த 15 உங்களுக்கு முன்னால், இலக்குப் பக்கம் இருக்க வேண்டியது. காற்று சீராக முதுகிலிருந்து வந்தால் உங்கள் மூக்கில் ஏறத்தாழ ஒன்றும் இருக்கக் கூடாது. உங்கள் மீட்டர் 60 காட்டுகிறது என்றால் புகை கலக்கக்கூட நேரமில்லாமல் கெட்டியாக உங்களிடம் வருகிறது. காற்று சுழல்கிறது. தோட்டாவை மாற்றுவதற்கு முன்னால் அந்தச் சுடுதளம் காற்றோட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்.

---

தேனி_மருத்துவர் எழுதியது:

நல்ல உரையாடல். ரத்தப் பரிசோதனை பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

காற்றில் அளப்பது அன்றைய நிலையைச் சொல்லும். ஈயத்தைப் பொறுத்தவரை உடம்பு கணக்கு வைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஈயத்தின் அரை ஆயுள் ஒரு மாதம் போல. எலும்பில் சேர்ந்தது பல ஆண்டுகள் தங்கி, மெதுவாக ரத்தத்துக்குத் திரும்பும். ஆகவே வாரம் ஒரு முறை வந்து போகும் கதிரைவிட, நாள் முழுவதும் அங்கேயே நிற்கும் பயிற்றுநரையும், மாலையில் தரையைத் துடைக்கும் தொழிலாளியையும் நினைத்துத்தான் எனக்குக் கவலை. சிப்பாய் ஐயா, நீங்கள் சொல்லிக் கொடுத்தவர் என்பதால் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஓஷாவின் ஈய விதி 1978இல் வந்தது. காற்றில் 8 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் வந்தால் வேலையிலிருந்து விலக்க வேண்டும், 40க்குக் கீழே இறங்கினால் திரும்பலாம். 2012 டிசம்பரில் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு, பாதுகாப்புத் துறையின் சுடுதள ஊழியர்கள் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. 40க்கு வெகு கீழேயே நரம்பு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் பாதிக்கப்படுகின்றன, பழைய விதி இவர்களைக் காப்பாற்றப் போதாது என்று அதில் நேராகவே சொன்னார்கள். அதன் பிறகு பாதுகாப்புத் துறை தன் ஆட்களை விலக்கும் அளவை 20க்குக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியா 2025 ஜனவரியிலிருந்து காற்று வரம்பையே 50லிருந்து 10 ஆக்கிவிட்டது.

நம் ஊரில் 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஈயத்துக்கு கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம் என்று இருந்தது. அதாவது 150 மைக்ரோகிராம், ஓஷாவைப் போல மூன்று மடங்கு. அதுவும் தொழிற்சாலைக்கு எழுதிய சட்டம். சுடுதளத்தில் பயிற்சி தருபவரை யார் கணக்கில் எடுக்கிறார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

8 மணி நேரச் சராசரி என்பதிலும் ஒரு பொறி உண்டு. ஒரு மணி நேரம் 400 மைக்ரோகிராமில் நின்றுவிட்டு மீதி ஏழு மணி நேரம் சுத்தமான காற்றில் இருந்தால் சராசரி சரியாக 50. காகிதத்தில் விதி மீறப்படவில்லை. ஈயத்துக்கு, மொத்தமாக உள்ளே போனதுதான் கணக்கு என்பதால் இந்தச் சராசரி ஓரளவு ஏற்கலாம். செம்புப் புகைக் காய்ச்சலுக்கும் அம்மோனியா எரிச்சலுக்கும் அது பொருந்தாது. அவற்றில் உச்சம்தான் ஆளைப் படுக்கவைக்கிறது.

முகக்கவசம் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல என்95 முகத்தோடு பொருந்தினால் துகளைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடை அது தடுக்காது. முகக்கவசம் போட்டிருக்கிறேன் என்று புகை சூழ்ந்த இடத்தில் தொடர்ந்து நிற்காதீர்கள்.

---

பத்துமீட்டர் எழுதியது:

என் மகள் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போகிறாள். இதையெல்லாம் படித்ததும் பயமாக இருக்கிறது. ஏர் பிஸ்டலிலும் இந்தப் புகை உண்டா? அவள் பயிற்சி செய்யும் கட்டடத்தில் .22 துப்பாக்கிக்கும் தனித் தடம் இருக்கிறது.

---

செம்பருத்தி எழுதியது:

பயப்படாதீங்க அக்கா. ஏர் பிஸ்டலில் வெடிமருந்து இல்லை, ப்ரைமர் இல்லை. அழுத்திய காற்றுதான் தள்ளுகிறது. கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, ஈய ஆவி எதுவும் உருவாகாது. ஆனால் பெல்லட் ஈயம். அவள் அதை விரலால் எடுத்து ஏற்றுகிறாள். இலக்குப் பெட்டியில் மோதி நொறுங்கும்போது கொஞ்சம் தூசும் வரும். அவளுக்கு ஈயம் போகும் முக்கிய வழி மூச்சு இல்லை, கைதான். பயிற்சி முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பெல்லட்டை உதட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு. அதைக் கண்டால் கண்டிப்பாக நிறுத்துங்கள். தண்ணீர் பாட்டிலும் தின்பண்டமும் சுடும் மேசைப் பக்கமே வரக் கூடாது.

.22 வேறு கதை. அதன் ப்ரைமரிலும் வழக்கமாக லெட் ஸ்டிஃப்னேட்தான். பெரும்பாலும் உறையிடாத ஈயக் குண்டு. இரண்டு தடங்களுக்கும் காற்று பொதுவாகச் சுற்றுகிறதா என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குகிறார்களா என்றும் பாருங்கள். அப்படிப் பெருக்கினால் படிந்த ஈயம் எல்லாம் மறுபடி காற்றில் ஏறும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம்.

---

தேனி_மருத்துவர் எழுதியது:

பத்துமீட்டர் அம்மா, மனதில் சந்தேகம் இருந்தால் ஒரு முறை ரத்த ஈயம் பார்த்துவிடுங்கள். சாதாரணப் பரிசோதனைதான். விரல் நுனியில் குத்தி எடுப்பதைவிடக் கையின் ரத்த நாளத்தில் ஊசி போட்டு எடுப்பது நல்லது, விரலில் ஒட்டிய ஈயம் முடிவைக் கெடுத்துவிடும். பிள்ளைகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) இப்போது வைத்திருக்கும் ஒப்பீட்டு அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். அதற்கு மேல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

---

ஓய்வுபெற்ற_சிப்பாய் எழுதியது:

டாக்டர் ஐயா, நீங்க சொன்னதைப் படிச்சதுல இருந்து கூட வேலை பார்த்த இன்ஸ்ட்ரக்டருங்களைத்தான் நினைக்கிறேன். ஒவ்வொரு பேட்ச்சும் சுட்டுட்டுப் போயிடும். நாங்க அங்கேயேதான் நின்னிருப்போம், அதுவும் சுடுறவன் தோளுக்குப் பின்னாலயே. இந்தக் காய்ச்சலை நான் பார்க்கலைன்னு சொன்னேன், அது உண்மைதான். ஈயம் அப்படி உடனே காட்டாதுன்னு நீங்க சொல்றது நியாயம். நண்பர்களுக்கும் சொல்லி ரத்தம் பார்க்கச் சொல்றேன்.

ஒரு சந்தேகம். அளக்கிறவங்க சுடுறவன்கிட்ட மட்டும்தான் கருவி மாட்டுவாங்களா, இன்ஸ்ட்ரக்டருக்கும் மாட்டுவாங்களா?

---

வடதுருவன் எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. ரெண்டு பேருக்கும் மாட்ட வேணும், எனக்குக் கேட்டால் பயிற்றுநருக்குத்தான் முதலில. அவருக்கு மாட்டாமல் சுடுறவரை மட்டும் அளந்திட்டு "சுடுதளம் பாதுகாப்பானது" எண்டு எழுதுற அறிக்கையில நான் கையெழுத்து வைக்க மாட்டன். அவரின்ர நாள் நீளம். துப்புரவு செய்யிற ஆளுக்கும் வேற நேரத்தில தனியா மாட்ட வேணும், ஏனெண்டால் அவர் வரேக்க ஒருத்தரும் சுடுறேல்லை, ஆனா தூசு முழுக்க அப்பதான் கிளம்புது.

---

ஹூஸ்டன்_கதிர் எழுதியது:

மேலாளரிடம் பேசினேன். இங்கே எழுதியதைக் காட்டினேன், மரியாதையாகவே கேட்டார். காற்றோட்டத்தைப் பார்க்க ஒரு நிறுவனத்தை அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். என்னையும் பயிற்றுநர் ஒருவரையும் காற்று மாதிரி எடுக்க அனுமதித்திருக்கிறார். பம்ப்பும் ஃபில்டரும் வாடகைக்கு ஆய்வகமே தருகிறது. எப்படி மாட்டுவது, என்ன கேட்டு வாங்குவது என்று சொல்லுங்கள் அண்ணா.

---

வடதுருவன் எழுதியது:

நல்ல காரியம் தம்பி. வரிசையா எழுதுறன், இடையில செம்பருத்தி திருத்துவா.

ஃபில்டர்: 37 மி.மீ. கசெட் (ஃபில்டரை வைக்கிற சின்ன மூடின டப்பா), உள்ளுக்க 0.8 மைக்ரோன் செலுலோஸ் எஸ்டர். பம்ப் நிமிடத்துக்கு 2 லீட்டர். தொடங்க முன்னமும் முடிஞ்ச பிறகும் ஓட்டத்தை அளந்து எழுதுங்கோ. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் எண்டால் அந்த மாதிரியை விடுங்கோ.

மாட்டுற இடம்: மூக்கில இருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள, கொலரில. துப்பாக்கியின்ர பிடங்கு (தோளில வைக்கிற பின்பகுதி) தட்டாத பக்கம். நீங்கள் வலது தோள்காரர் எண்டால் இடது கொலர். எந்தப் பக்கம் மாட்டினீங்கள் எண்டு தாளில எழுதுங்கோ.

ஆய்வகத்திட்ட ஈயம் மட்டும் கேளாதையுங்கோ. ஈயம், செப்பு, நாகம், அந்திமனி, பேரியம் எல்லாம் ஒரே ஃபில்டரில பாக்கலாம். ஐசிபி-எம்எஸ் எண்ட, மிகச் சிறிய அளவு உலோகத்தையும் கண்டறியிற முறையில செய்யச் சொல்லுங்கோ. ஒரு மணித்தியாலத்தில உங்களுக்கு 120 லீட்டர் காத்துத்தான் சேரும். காத்தில ஈயம் 50 மைக்ரோகிராமா இருந்தாலே ஃபில்டரில வாறது 6 மைக்ரோகிராம். பழைய சுவாலை முறையில கண்டறியிற எல்லையே சில மைக்ரோகிராம், அதால "கண்டறியப்படவில்லை" எண்டு வாற பதிலுக்குப் பெறுமதி இல்லை.

கசெட்டின்ர உள்சுவரில ஒட்டின தூசையும் சேர்த்து அளக்கச் சொல்லிக் கேளுங்கோ. ஃபில்டரை மட்டும் எடுத்துக் கரைச்சால் குறைச்சுக் காட்டும்.

---

செம்பருத்தி எழுதியது:

திருத்த ஒன்றும் இல்லை அண்ணா, இரண்டு சேர்க்கிறேன். கதிர், ஓஷா வரம்போடு ஒப்பிடும்போது செம்புக்கு இரண்டு எண் இருக்கும். தூசுக்கு கன மீட்டருக்கு 1 மில்லிகிராம், புகைக்கு 0.1. உங்களுடையது ஆவியாகி உறைந்த புகை, ஆகவே 0.1தான் பொருந்தும். ஆய்வகம் பழக்கத்தில் 1ஐப் போட்டு "பத்தில் ஒரு பங்குதான்" என்று எழுதிவிடக்கூடும்.

முடிந்தால் ஈயமில்லாத தடத்தில் ஒரு மாதிரி, வழக்கமான தடத்தில் ஒரு மாதிரி, இரண்டையும் தனித்தனி ஃபில்டரில் எடுங்கள். ஈயமில்லாத தடத்தில் ஈயம் வந்தால் அது ப்ரைமரிலிருந்தா, பக்கத்துத் தடத்துக் காற்றிலிருந்தா, தரைத் தூசிலிருந்தா என்று அப்புறம் பிரிக்கலாம்.

---

ஹூஸ்டன்_கதிர் எழுதியது:

எழுதி வைத்துக்கொண்டேன். கார்பன் மோனாக்சைடு மீட்டரையும் கூடவே மாட்டவா?

---

வடதுருவன் எழுதியது:

ஓம், மாட்டுங்கோ, பதிவு செய்யிற வகை எண்டால். மீட்டரின்ர கடிகாரத்தையும் உங்கட கைக்கடிகாரத்தையும் முதலே ஒண்டாக்குங்கோ. ஒவ்வொரு மகசின் தொடங்கின நேரம், எந்தத் தோட்டா, பக்கத்தில ஒலியடக்கி இருந்ததா, இவ்வளவையும் தாளில குறியுங்கோ. பம்ப்பைக் கதவுக்குள்ள போக முன்னமே போட்டு, வெளியால வந்து கொஞ்சம் கழிச்சு நிப்பாட்டுங்கோ. திறக்காத வெற்றுக் கசெட் ஒண்டையும் அதே பெட்டியில சேர்த்து அனுப்புங்கோ. முடிவு வந்ததும் இந்த இழையிலயே போடுங்கோ, பாத்துச் சொல்லுவம்.